கையால் வேலை செய்யாத பெண்

தன் லேபில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி யாராவது விசாரித்தால் முதலாளிக்குக் குரலே மாறிவிடும். நேரில் விசாரித்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வார். போனில் என்றால் எழுந்தே நின்றுவிடுவார். "தங்கமான பொண்ணுங்க. அதிர்ந்து பேச மாட்டா. தூசு தும்புல எல்லாம் நாங்க விடறதில்லை. ஏசி ரூம்ல உட்கார்ந்து மேற்பார்வைதான்" என்று வாய் கூசாமல் அள்ளிவிடுவார். பெண் பார்க்க வருகிறவர்கள் மயங்கிப்போவார்கள். இப்படி அவர் அளந்துவிட்டதில் நாலைந்து பெண்கள் கல்யாணமாகிப் போயிருக்கிறார்கள். பெண்ணின் நகக்கண்ணில் வெள்ளைப் பொடி எப்படி வந்தது என்று அந்த மாப்பிள்ளைகள் பிற்பாடு யோசித்திருப்பார்கள்.

அது பல் கட்டும் லேப். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் வடித்து, பீங்கான் பொடியைக் குழைத்துத் தூரிகையால் அடுக்கி, உலையில் சுட்டு, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். இருப்பது இரண்டே அறை. முன்னறையில் ஏசி, முதலாளியின் சுழல் நாற்காலி, கண்ணாடிப் பெட்டிக்குள் பார்வைக்கு வைத்த பற்கள். பின்னறையில் வேலை மேசைகள், உலை, காதைக் குடையும் தேய்ப்பு மோட்டார், எதைத் தொட்டாலும் கையோடு வரும் பொடி.

பின்னறையில் ஜன்னலோர மேசை பல்லக்காவுடையது. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது. முன்பற்கள் எல்லாம் அவளிடம்தான் வரும். கடைவாய்ப் பல்லை யார் பார்க்கப் போகிறார்கள், முன்பல்லை ஊரே பார்க்கும். பக்கத்துப் பல்லின் மஞ்சளையும் விளிம்பில் தெரியும் லேசான நீலத்தையும் பார்த்துப் பார்த்து அவள் அடுக்கி எடுத்தால், பிறவிப் பல் எது, வந்த பல் எது என்று டாக்டரே கொஞ்ச நேரம் தேட வேண்டும். இதில் அவளுக்கு அடக்கமெல்லாம் கிடையாது. "என் கை அப்படி" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

வீட்டில் அந்தக் கைக்கு மரியாதை இல்லை. அண்ணன் வீட்டுக் கூடத்தில் அம்மாவோடு படுத்துக்கொள்கிறாள். "பையை வாசல்லயே உதறிட்டு வா, பொடி எல்லாம் குழந்தை தட்டுல விழுது" என்பாள் அண்ணி. அம்மாவோ இன்னும் ஒரு படி மேல். "யாராவது கேட்டா மேனேஜர்னு சொல்லு. பல்லு செய்யறேன்னு சொல்லித் தொலைக்காதே, கேக்கறவங்க முகம் சுளிக்கறாங்க" என்பாள். அவள் சம்பளம் அந்த வீட்டில் எல்லோருக்கும் இனித்தது, வேலை மட்டும் கசந்தது. கையை அழுக்காக்காமல் உலகத்தில் எதுவும் தானாக விளைந்துவிடும் என்று நம்பும் இந்தக் கூட்டத்தைக் கண்டாலே அவளுக்கு இளக்காரம்தான்.

அப்படியிருக்கும்போதுதான் கடல் தாண்டி ஒரு நாட்டில் பல் கட்டுகிறவர்களுக்குத் தட்டுப்பாடு என்றும், திறமையை நிரூபித்தால் விசா தந்து குடியேற்றிக்கொள்கிறார்கள் என்றும் தெரிய வந்தது. திறமையைப் பல் செய்து காட்டி நிரூபிக்க வேண்டியதில்லையாம், காகிதத்தில் காட்டினால் போதுமாம். அதைக் கேட்டபோதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் விண்ணப்பித்தாள். படித்த சான்றிதழை ஒப்புக்கொண்டார்கள். பாக்கி இருந்தது வேலை அனுபவம் மட்டும்தான். விசாவுக்கு வயதுக்கும் மதிப்பெண் உண்டு, அடுத்த பிறந்தநாள் தாண்டினால் அது குறைந்துவிடும், அப்புறம் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆயுசுக்கும் கூடத்தில் படுத்துக் கிடக்க வேண்டியதுதான் என்று விசா ஏஜென்ட் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

அனுபவச் சான்று கேட்டு முன்னறைக்குப் போனாள். முதலாளி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீயே எழுதிக்கோம்மா, நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"என்னென்ன வேலை செய்யறேன்னு எழுதணும் சார்."

"அதான் உனக்கே தெரியுமே."

அவளே எழுதினாள். மெழுகு, பீங்கான், உலை, பல் செட், ஒன்றையும் விடவில்லை. முதலாளி படிக்காமலே கையெழுத்துப் போட்டு, முத்திரையைத் தலைகீழாகக் குத்தி, அதற்கும் "இந்த மை சரியில்லை" என்று மையைத் திட்டினார். இத்தனை வருஷ உழைப்புக்கு அத்தாட்சி கேட்டால் தலைகீழ் முத்திரைதான் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டே அனுப்பிவைத்தாள்.

சில வாரம் கழித்து ஒரு காலை, முதலாளி வாயெல்லாம் பல்லாகப் பின்னறைக்கு வந்தார்.

"உன் விசா ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சும்மா! ஒரு பொண்ணு, நம்ம பாஷையிலயே பேசினா. உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடிட்டேன் போ!"

பல்லக்காவின் கையிலிருந்த மெழுகுக் கத்தி நின்றது. "என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லுவேன்? தங்கமான பொண்ணு, அதிர்ந்து பேச மாட்டான்னேன். கையால பல்லு செய்வாங்களான்னு கேட்டா. சே சே, அந்த மாதிரி வேலைக்கெல்லாம் நாங்க அவங்களை விடறதில்லைங்க, ஏசி ரூம்ல மேற்பார்வைதான்னேன். அசந்துட்டா!"

அசந்துதான் போயிருந்தார்கள். அடுத்த வாரமே பதில் வந்தது. விண்ணப்பதாரர் தம் கையால் பல் செய்வதில்லை என்று முதலாளியே உறுதி செய்திருப்பதால், இந்த அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. குறித்த தேதிக்குள் முதலாளி மறுபடி பேசித் தெளிவுபடுத்தினால் ஒரே ஒரு முறை பரிசீலிப்போம். அவளை அத்தனை நாள் வாட்டிய வேலையே அவள் செய்யாத வேலையாகிவிட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பதிலை முதலாளியின் மேசையில் போட்டாள். அவர் படித்துவிட்டு உண்மையிலேயே புண்பட்டுப்போனார்.

"உன்னை உசத்தித்தானேம்மா சொன்னேன்!"

"அவங்க என்ன பொண்ணு பார்க்கவா வந்தாங்க? பல்லு செய்ய ஆள் தேடறாங்க சார்."

"விசாவோ கல்யாணமோ, ஒரு பொண்ணைப் பத்திக் கேட்டா கௌரவமாத்தானே சொல்லணும்? பொடியில புரள்றான்னா சொல்லுவாங்க?"

"அதைத்தான் சொல்லணும். இப்பவே போன் போட்டுச் சொல்லுங்க."

முதலாளி பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். "அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு பேசினா என் மரியாதை என்னாகும்? இது டாக்டருங்க காதுக்குப் போச்சுன்னா?"

"போனா என்ன?"

"முன்பல்லெல்லாம் நானே உட்கார்ந்து செய்யறதாத்தானே அவங்ககிட்ட..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

பல்லக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த மனிதர் அவளைத் தூக்கி ஏசி அறையில் வைத்தது அவள் கௌரவத்துக்காக இல்லை. அவள் கையை இரவல் வாங்கித் தன் கை என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். அதுவரை அவரை வெறும் அசடு என்று நினைத்திருந்தாள். அசட்டுத்தனத்துக்கு அடியில் இவ்வளவு சாமர்த்தியம் இருந்ததே என்று ஒரு கணம் வியந்தாள், மறுகணம் அந்தக் காகிதத்தை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். லேபுக்கு அதிகமாக வேலை கொடுப்பது அந்த அம்மாள்தான். நோயாளிகள் போன பிறகு உள்ளே கூப்பிட்டார். முன்பற்களை எல்லாம் செய்தது தான்தான் என்பதைப் பல்லக்கா நேராகவே சொன்னாள்.

டாக்டரம்மா சிரித்தார். "எனக்குத் தெரியாதா என்ன? உங்க முதலாளி பேனா பிடிச்சாலே கை ஆடுது. அவரா செய்வார்? ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்மா, அது உன் கைதான்னு."

"அப்புறம் ஏன் மேடம் ஒவ்வொரு தடவையும் அவரைப் பாராட்டறீங்க?"

"தொழில்னா அப்படித்தான்மா. சிலதைத் தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி போயிடணும்."

"அதை ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. அது போதும் எனக்கு."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். "எழுதிக் குடுக்கலாம். நீ போயிட்டா எனக்கு முன்பல்லு யாரு செய்வா, சொல்லு?" இதை ஒளிவுமறைவில்லாமல், ஏதோ பெரிய பாராட்டைக் கொடுப்பதுபோலச் சொன்னார். பல்லக்கா வணக்கம்கூடச் சொல்லாமல் எழுந்து வந்தாள். தெரியாமல் ஏமாந்தவர் என்று வரும் வழியெல்லாம் அந்த அம்மாள்மீது கொஞ்சம் பரிதாபம் வைத்திருந்தாளே, அதுதான் அவளை அறுத்தது.

வீட்டில் சொன்னாள். "மேற்பார்வைன்னு சொன்னாரா? பரவாயில்லையே, நல்ல மனுஷன்" என்றாள் அம்மா. பல்லக்கா சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அவள் தேய்ப்பு மோட்டாரில் இருந்தபோது முதலாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு வந்தார். முந்தின நாள் பேச்சே நடக்காத மாதிரி ஒரு முகம்.

"கீழ்ப்பக்கம் கொஞ்சம் உரசுதும்மா. புண்ணாயிடும் போலிருக்கு. லேசாத் தேய்ச்சுக் குடேன்."

சொல்லிவிட்டு, வழக்கம்போல வாயிலிருந்து மேல் பல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றி அவள் நீட்டிய கிண்ணத்தில் வைத்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன. அவர் பல் செட் அவள் செய்தது. அளவெடுத்தது முதல் மெருகு போட்டது வரை அவளேதான். அவள் பல் செய்வதில்லை என்று அந்த வாய் அந்தப் பற்களை வைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறது. இத்தனை நாள் இது தனக்கே தோன்றாமல் போயிற்றே என்று அவளுக்குத் தன்மேல்கூட எரிச்சல் வந்தது.

உரசும் இடத்தைத் தேய்த்தாள், கழுவினாள். அவர் கை நீட்டினார். அவள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது யாரு செஞ்சது?"

முதலாளி பின்னறையில் இருந்த மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் மும்முரமாக வேலை செய்வதுபோலக் குனிந்துகொண்டார்கள்.

"நான்தான் பல்லைத் தொடறதே இல்லையே சார். அப்ப இது உங்களுதும் இல்லை. விசா ஆபீசுக்கு போனைப் போடுங்க. மணி அடிச்சதும் தர்றேன்."

வாயில் பல் இல்லாதவர் எத்தனை நேரம்தான் வாதாடுவார்? கையால் வாயை மறைத்துக்கொண்டு போன் போட்டார். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள். மறுமுனையில் மணி அடித்ததும் கிண்ணத்தைக் கொடுத்தாள். பல் ஏறியதுமே அவருக்குத் தைரியமும் ஏறிவிட்டது.

"வணக்கம்மா. அன்னிக்குச் சொன்னேன் இல்லையா, அதுல ஒரு சின்னத் திருத்தம். மேற்பார்வைதான். ஆனா அப்பப்ப, ஆள் வராத அன்னிக்கு, கூடமாட ஒரு ஒத்தாசையா..."

"தெளிவாச் சொல்லுங்க ஐயா. அவங்க பல் செய்யறாங்களா, இல்லையா?" என்றது அந்தப் பெண்ணின் குரல்.

"செய்யறாங்கன்னா... செய்யலைன்னும் சொல்ல முடியாது..."

பல்லக்கா மேசையைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள். கத்திகளைத் துடைத்துப் பெட்டியில் போட்டாள், தூரிகைகளைத் துணியில் சுருட்டினாள். அவள் மூட்டை கட்டுவதைப் பார்த்ததும் முதலாளியின் முகம் வெளிறியது. போனின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டு, அவள் பக்கம் குனிந்து கெஞ்சினார். அப்படி அமுக்கினால் மறுமுனைக்குக் கேட்காது என்பது அவருடைய நம்பிக்கை.

"போறதுன்னா போ, நான் தடுக்கலை. ஆனா போறதுக்கு முன்னாடி எனக்கு இன்னொரு செட்டு செஞ்சு வெச்சுட்டுப் போயிடும்மா. இது தேஞ்சு போச்சுன்னா நான் யாருகிட்ட போவேன்? மத்தவங்க செஞ்சதெல்லாம் எனக்கு ஒரு நாள்கூட ஒத்துக்கலை."

உள்ளங்கைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஐயா, இப்ப உங்க வாயில இருக்கற பல்லு செட்டு யாரு செஞ்சது?"

அறையில் மோட்டார்கள் எல்லாம் ஓய்ந்துவிட்டன. முதலாளி கையை எடுத்தார்.

"இவதாம்மா."

"மெழுகு வெச்சது, பல்லு அடுக்கினது, மெருகு போட்டது?"

"எல்லாம் இவதான்."

"லேப்ல மத்த வேலைங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "முன்பல்லு பூரா இவதான். நான் தொட்டே பல வருஷமாச்சு."

"இது போதுங்க. பதிவு பண்ணிக்கிட்டேன். அவங்க விண்ணப்பம் மேல போகும்" என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்தாள்.

பல்லக்கா பெட்டியை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சந்தோஷம்தான், மறைப்பானேன். அதை இந்த மனிதர் எதிரில் காட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவரோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பெரிய காரியம் முடித்தவர்போல எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா, உனக்காக எப்படிப் பேசினேன்! ஆயிரம் இருந்தாலும் நீ நான் வளர்த்த பொண்ணு இல்லையா? உன்னை மாதிரி ஒருத்தியை உருவாக்க நான் பட்ட பாடு..."

அவள் எழுந்து, அளவெடுக்கும் கரண்டியை எடுத்தாள். பசையைக் குழைத்து, தேவைக்கு மேலேயே அதில் நிரப்பினாள்.

"பல்லைக் கழட்டிட்டு வாயைத் திறங்க சார். புது செட்டுக்கு அளவெடுக்கணும்."

அவர் நம்ப முடியாத மகிழ்ச்சியோடு வாயைத் திறந்தார். அவள் கரண்டியை உள்ளே வைத்து அமுக்கினாள்.

"இறுகற வரைக்கும் பேசக் கூடாது" என்றாள்.