தண்ணீர்த் தொட்டி எதிரில்

பார்லர்க்காரிக்கு வெளிநாட்டுச் சாமான் மோகம் கிடையாது. வாடிக்கையாக வரும் பெண்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, புருவத்தில் நூல் இழுபடுகிற வலியிலும் போனை விடாமல், அந்த நாட்டுச் செருப்பு, இந்த நாட்டுப் பை என்று காட்டுவார்கள். அவள் 'உம்' கொட்டுவாளே தவிர எட்டிப் பார்க்கமாட்டாள். அன்றைக்குப் பார்த்தது, பாங்க் மேனேஜரம்மாவுக்கு முகப்பூச்சு காயும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்பதால். அந்த அம்மாள் போனைத் தூக்கிக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கண்ணாலேயே கேட்டாள்.

வலைத்தளம் ஒன்றில் பழைய சாமான் விற்கிற ஏதோ வெளிநாட்டுக் கடை. படத்தில் ஓர் அலாரக் கடிகாரம். தலையில் இரண்டு மணி, நடுவில் சின்னச் சுத்தியல், பச்சைப் பெயின்ட் உதிர்ந்த உடம்பு. அந்த மாதிரிக் கடிகாரம் உலகத்தில் லட்சம் இருக்கும். ஆனால் கண்ணாடியின் மேல், நாலாம் எண்ணுக்கு நேராக, சிவப்பு நகப்பூச்சில் கோணலாக ஒரு புள்ளி வைத்த கடிகாரம் ஒன்றே ஒன்றுதான். வைத்தவள் அவள்.

அப்போது மணி பார்க்கத் தெரியாத வயது. அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். முதல் பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கே எழுந்தாக வேண்டும். முள் எந்த இடத்துக்கு வந்தால் அம்மா தன்னை விட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறாள் என்று கண்டுபிடிக்க, பக்கத்து வீட்டு அக்காவின் நகப்பூச்சைத் திருடிக்கொண்டு வந்து வைத்த அடையாளம் அது. அம்மா முதுகில் இரண்டு சாத்து சாத்தினாள். ஆனால் புள்ளியை அழிக்கவில்லை.

"அபூர்வமான பழம்பொருள். முகப்பில் கையால் தீட்டிய வேலைப்பாடு" என்று போட்டு, விலையையும் அதற்கேற்றபடி ஏற்றி வைத்திருந்தார்கள். அடி வாங்கிய வேலைப்பாடு! அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். போனைக் கையில் வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அந்தக் கடிகாரம் வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டியது. பங்கு பிரிக்க அம்மா எதையும் விட்டுப் போகவில்லை. வீடுகூட வாடகை வீடுதான், அதில் இன்றைக்கும் வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பவள் இவள். அம்மாவை எடுத்துவிட்டு வந்த பிறகு, விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், அண்ணன் சமையலறையில் அந்தக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைபோலத் தேம்பினான். "பாப்பா, அம்மா ஞாபகமா இது ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டும்" என்றான். அவளுக்கும் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆண்பிள்ளை அழுகிறானே என்று மனசு இளகி, துண்டில் சுற்றித் தன் கையாலேயே அவன் பையில் வைத்து அனுப்பினாள்.

ஆகவே, படத்தைப் பார்த்ததும் அவள் பழியைத் தூக்கி அண்ணியின் தலையில் போட்டாள். வீட்டை ஒழிக்கிறேன் பேர்வழி என்று அவள்தான் குப்பையோடு குப்பையாகத் தள்ளியிருப்பாள், எவனோ பொறுக்கிக்கொண்டு போய்க் கடையில் வைத்திருக்கிறான், அண்ணனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. அவன் எவ்வளவு துடிப்பானோ என்று இவள் துடித்தாள். வாங்கிவிட வேண்டியதுதான். வாங்கி, வீடியோவில் அவனைக் கூப்பிட்டு, ஒன்றும் பேசாமல் கடிகாரத்தை மட்டும் தூக்கிக் காட்ட வேண்டும். அண்ணன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்து அவளுக்கே கண் நிறைந்தது.

அவள் புருஷன் பிரிட்ஜ் மெக்கானிக். எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள்.

"நம்ம வீட்டுக் கடிகாரத்த நாமளே காசு குடுத்து வாங்கறது உலகத்துலயே நாம ஒருத்தராத்தான் இருப்போம்" என்றான். ஆனாலும் கார்டை எடுத்து நீட்டினான். "பார்லருக்கு ஏத்தி இறக்கற நாற்காலி வாங்கணும்னியே?"

"நாற்காலி எங்கயும் ஓடிடாதுங்க" என்றாள்.

பார்சல் கடல் தாண்டி வந்தது. வீட்டுக்கு வரவில்லை. சுங்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம், நேரில் வந்து வரி கட்டி எடுத்துப் போகவும் என்று குறுஞ்செய்தி வந்தது.

வெளிநாட்டுப் பார்சல் அலுவலகத்தில் கவுண்டர் கண்ணாடிக்கு யாரோ ஒரு மகானுபாவன் இடுப்பு உயரத்தில் ஓட்டை போட்டிருந்தான். வாயை அதற்கு நேராகக் கொண்டுபோக வேண்டுமானால் எப்பேர்ப்பட்டவனும் குனிந்தாக வேண்டும். வரி கட்டுகிறவனைக் கும்பிட வைத்துத்தான் பேசுவது என்று முடிவு செய்து போட்ட ஓட்டை. உள்ளே கம்பிக் கூண்டுகளில் அட்டைப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கிக் கிடந்தன. அதிகாரியம்மாவுக்குத் தலைச்சாயம் வெளுத்து வகிட்டில் நரை எட்டிப் பார்த்தது. மூன்று வாரத்துக்கு முன்பே பூசியிருக்க வேண்டும் என்று தொழில் புத்தி கணக்குப் போட்டது.

அதிகாரியம்மா தொகையைச் சொன்னாள். பார்லர்க்காரி காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னும் குனிந்தாள்.

"எப்படிங்க இவ்ளோ வருது?"

"பொருளோட விலை, அனுப்பற செலவு, இன்சூரன்ஸ், மூணையும் கூட்டி அது மேல ஒரு வரி. அந்த வரியையும் சேத்துக் கூட்டி, அது மேல இன்னொரு வரி. அப்புறம் நாங்க பிரிச்சுப் பாத்ததுக்கு ஒரு கட்டணம்."

"வரிக்கே வரியா? அதோட, நீங்க பிரிச்சதுக்கு நான் காசு குடுக்கணுமா?"

"பின்ன, சும்மாவா பிரிப்போம்?" சிரிக்காமல்தான் சொன்னாள்.

பார்லர்க்காரிக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. "ஏம்மா, இது வெளிநாட்டுச் சாமானே இல்ல. எங்கம்மாவோடது. இங்கேருந்து போனது. இந்தப் புள்ளி நான் வெச்சது" என்று, குனிந்த நிலையிலேயே, பஸ், ஆஸ்பத்திரி, நகப்பூச்சு எல்லாவற்றையும் ஒப்பித்தாள். பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அந்த மட்டுக்கும் நல்ல மனுஷி.

"ரசீதுல விற்பனைன்னு இருக்கே. நான் என்ன பண்ண? சரி, அனுப்பினவர் யாரு, தெரிஞ்சவரா?" என்று பெட்டியைத் திருப்பிக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தாள்.

அனுப்பியவர் இடத்தில் அண்ணனின் பெயர் இருந்தது. அண்ணனின் விலாசம் இருந்தது. அம்மா இருந்தபோது எத்தனையோ கவர்களில் இவள் எழுதி எழுதி மனப்பாடமான விலாசம். கடைப் பெயர் அதற்கு மேல், சின்னதாக, ரப்பர் ஸ்டாம்ப்பில் இருந்தது. அப்போதும் மனசு அண்ணியிடம்தான் ஓடியது. அவள் அவன் பேரில் கடை நடத்துகிறாள், அவனுக்குத் தெரியாது, தெரிந்திருக்காது. பிறகு, பெறுபவர் விலாசத்தைப் பார்த்தாள்.

கையால் எழுதியிருந்தது. காற்றில் சாய்ந்த வேலிபோல எல்லா எழுத்தும் ஒரே பக்கம் சாய்கிற எழுத்து. பள்ளிக்கூடத்தில் அதற்காகவே அண்ணன் முட்டி வீங்க அடி வாங்கியிருக்கிறான். அவள் பெயர், வீட்டு எண், தெரு. அதற்கும் கீழே, அடைப்புக்குறிக்குள், 'தண்ணீர்த் தொட்டி எதிரில்'.

அவள் ஆர்டர் போடும்போது தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதவே இல்லை. எழுதுகிற தேவையும் இல்லை. தொட்டியை இடித்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அது தெருமுனையில் நின்ற காலத்தில் அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குத்தான் அது தெரியும். பார்சல் வழி தவறிப் போய்விடக்கூடாது என்று, தங்கைமேல் உள்ள அக்கறையில், ஞாபகமாக எழுதியிருக்கிறான்.

"தெரிஞ்சவர்தான்" என்றாள். "கூடப் பொறந்த அண்ணன்."

அதிகாரியம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கும் அண்ணன் தம்பிகள் இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்போ ஒண்ணு பண்ணுங்க. இது குடும்பப் பொருள், இங்கேருந்து எடுத்துட்டுப் போனது, திரும்ப என் தங்கச்சிக்கு அனுப்பறேன்னு அவரை ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்க. மேலிடத்துல வெச்சுப் பாக்கறேன். தள்ளுபடி ஆனாலும் ஆகும்" என்றாள்.

வராந்தாவில், காலியான தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில் நின்று அண்ணனைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"பாப்பா, எப்படி இருக்கே? மாப்பிள்ளை நல்லாயிருக்காரா?"

"கடிகாரம் வந்துருக்குண்ணா."

"ஓ, வந்துடுச்சா? உடையாம வந்துச்சா?" என்றான்.

"நான்தான்னு தெரிஞ்சுதான் வித்தியா?"

"ஆர்டர் வந்தப்புறம்தான் பேரைப் பாத்தேன் பாப்பா, சத்தியமா. காசும் கட்டிட்டே. நாங்க கேன்சல் பண்ணா கடைக்குக் கெட்ட பேர். இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம். அண்ணியும் சொன்னா, யாரோ கண்டவன் வாங்கறதுக்கு நம்ம பாப்பாகிட்டயே போகட்டுமேன்னு."

"நல்ல மனசு அண்ணிக்கு" என்றாள்.

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே!"

"அட்ரஸ் எழுதறப்ப நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. தண்ணித் தொட்டியெல்லாம் ஞாபகம் வந்துச்சே, போன் நம்பர் ஞாபகம் வரலியா?"

அவள் சண்டைக்குப் போகவில்லை. வேண்டியது அந்த ஒரு வரி. நாற்காலிக் காசில் மிச்சம் இருந்ததையும் வரி விழுங்கப் போகிறது என்பது ஒரு பக்கம். அதைவிட, அம்மாவுடையது, தங்கச்சிக்கு என்று அவன் கையால் எழுதி வந்தால் போதும், நடந்ததை எல்லாம் மறந்துவிடலாம் என்று இருந்தது. அதிகாரியம்மா சொன்னதைச் சொன்னாள். பெருந்தன்மையாகத்தான் கேட்டாள்.

"அது எப்படி பாப்பா? இங்க விற்பனைன்னு கணக்குல காமிச்சாச்சு. இப்ப குடும்பப் பொருள்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு யாராவது கேட்டா நான் மாட்டிக்குவேன். என்னை பொய் எழுதச் சொல்றியா?"

"இதுல எது பொய்?" அவள் குரல் உயர்ந்தது. கவுண்டர் வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "அம்மா பொய்யா? இல்ல, நான் உன் தங்கச்சிங்கறது பொய்யா?"

"நீ உடனே எமோஷனலா பேசாதே. வரி எவ்ளோ சொல்லு. நான் பாதி அனுப்பறேன்."

பாதி. அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். உள்ளேயிருந்து பாப்பா, பாப்பா என்று சின்னதாகக் குரல் கேட்டது. வைத்துவிட்டாள்.

மறுபடி கவுண்டரில் குனிந்தாள். அதிகாரியம்மாவுக்கு முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கார்டை வாங்கித் தேய்ப்பதற்கு முன், "வேணாம்னா எழுதிக் குடுத்துட்டுப் போகலாம்மா. திருப்பி அவருக்கே போயிடும்" என்று மட்டும் சொன்னாள்.

"வேணாம்மா. மறுபடி வித்துடுவாங்க" என்றாள்.

வீட்டில் புருஷன்தான் பெட்டியைப் பிரித்தான். நுரைத்தாள், அதற்குள் வழுவழுக் காகிதம், அதற்குள் கடிகாரம். பிசிறில்லாத பேக்கிங். நகப்பூச்சுப் புள்ளி உதிராமல் இருக்க மேலே ஏதோ பளபளப்பாகத் தடவியிருந்தார்கள். கடிகாரத்தோடு ஓர் அட்டை விழுந்தது. 'எங்களிடம் வாங்கியதற்கு நன்றி. மீண்டும் வருக' என்று அச்சடித்து, ஓரத்தில் ஒரு பூ.

"மச்சான் தொழில் கத்துக்கிட்டார்" என்றான் மெக்கானிக். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியை மடித்து வெளியே எடுத்துக்கொண்டு போனான்.

அவள் சாவி கொடுத்தாள். ஓடியது. அம்மாவின் கையில் எப்படி ஓடியதோ அப்படியே, கொஞ்சம் நொண்டிக்கொண்டு ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வராந்தாவில் வராத அழுகை வந்தது. அம்மாவுக்காக அல்ல. சமையலறையில் நின்று தேம்பினானே, அந்த அண்ணனுக்காக. அந்த அழுகை அன்றைக்கு நிஜம்தான். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, பார்லரில் ஆள் இல்லாத நேரத்தில் போன் கிணுகிணுத்தது. வாங்கிய பொருளைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று அந்த வலைத்தளம் கேட்டது. தன்னுடைய பழைய, ஏறவும் இறங்கவும் செய்யாத நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் பதில் போட்டாள். பொருள் படத்தில் உள்ளபடி இருந்ததா? இருந்தது. பேக்கிங்? நன்று. நட்சத்திரம்? ஐந்தும் கொடுத்தாள். கடைக்குக் கெட்ட பேர் வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. சொந்தக்காரர்களே புகழ்ந்து எழுதிவிடக்கூடாது என்பதற்காகக் கேட்பது. இந்த விற்பனையாளர் உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் தெரிந்தவரா, உறவினரா?

விரல் சற்று நின்றது. சுவரில் ஒட்டிய கண்ணாடியில் தன் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். அம்மாவின் ஜாடை, அண்ணனுக்கும் அதே ஜாடைதான்.

'இல்லை' என்பதைத் தொட்டு அனுப்பினாள். பொய் எழுத அவளுக்கும் பிடிக்காது.