முதல் முட்டையைப் பார்த்தவர்

மே மாதம் பிறந்துவிட்டால் தென்துருவக் கடலோரத் தளத்தில் வேறு பேச்சே கிடையாது. பெங்குவின் கூட்டத்தில் முதல் முட்டையை யார் பார்க்கப் போகிறார்? பார்த்தவருக்கு அன்று ராத்திரி தலைவரின் நாற்காலி, கேட்ட சாப்பாடு. சாப்பாட்டு அறைச் சுவரில் பெயரும் ஏறும்.

மயேல் இந்தப் பெங்குவின்களை ஆராய்வதற்காகவே பிரான்சிலிருந்து வந்தவள். இது இரண்டாவது குளிர்காலம். கோடையில் கப்பல் வந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இனி ஒரு மே மாதம் அவளுக்கு இங்கே இல்லை. போன வருஷம் முந்திக்கொண்டவர் மருத்துவர். இந்த வருஷம், இன்று காலை, குழாய் வேலை பார்க்கும் தீபோ!

அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வெங்காய சூப் கேட்டான். சமையல்காரி ஒதில் பரிமாறிக்கொண்டே, "ஏண்டி பறவைக்காரி, நீ எதைத்தான் பாத்துக்கிட்டிருந்த?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மயேலும் சிரித்தாள். சூப்பை மட்டும் தள்ளி வைத்தாள்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. ஜோடி சேர்ந்த பறவைகள் முட்டை வரும்வரை சத்தமில்லாமல் நிற்கும். முட்டை வந்ததும் இரண்டும் குனிந்து அதைப் பார்த்துப் பாடும். இன்று பாட்டே கேட்கவில்லையே. முட்டை இல்லாத ஏக்கத்தில் சில பறவைகள் பனிக்கட்டியை எடுத்துக் கால்மேல் வைத்து, வயிற்று மடிப்பால் மூடிக்கொள்ளும். குழாய்க்காரன் கண்ணுக்கு அதுவும் முட்டைதான்.

விடிந்ததும் அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

"எந்தப் பறவை? காட்டு."

"அதோ, கழுத்துல கீறலோட நிக்குதே."

கூட்டத்துக்கு எட்டவே உறைந்த கடல்மேல் குப்புறப் படுத்து, பைனாகுலரை அந்தப் பறவைமேல் வைத்தாள். இமைமுடியில் பனி கட்டியது. பறவை அசையவில்லை.

"விடு மயேல். குடிச்ச சூப்பைத் திருப்பியா தர முடியும்?"

"வாயை மூடு."

பின்பக்கத்தில் எங்கோ ஒரு பறவை எக்காளம்போலக் குரல் எடுத்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. அவள் காதில் விழுந்தது. திரும்பும் நேரம் பார்த்து இது வயிற்றைத் தூக்கிவிட்டால்?

"மயேல், அங்க..."

"பேசாதேன்னேன்ல!"

கீறல் பறவை குனிந்தது. மடிப்பு விலகியது. அழுக்கேறி, ஓரம் கரைந்த பனிக்கட்டி. பறவை அதை அலகால் பத்திரமாகச் சரிசெய்து மறுபடியும் மூடிக்கொண்டது.

"பனிக்கட்டி! பாத்தியா? வெறும் பனிக்கட்டி!" இரண்டு குளிர்காலத்தில் அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

தீபோ அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. "பின்னாடி பாரு" என்றான்.

ஒரு ஜோடி தலை குனிந்து பாடிக்கொண்டிருந்தது. பெட்டையின் கால்மேல் முட்டை, ஈரம்கூடக் காயாமல் ஆவி பறந்தது.

"எப்பப் பாத்த?"

"பாட ஆரம்பிச்சப்பவே. சொல்ல வந்தேன், நீதான் அடக்கிட்ட." வயர்லெஸ்ஸை அவளிடம் நீட்டினான். "நீயே பாத்ததாச் சொல்லு. நான்தான் நேத்தே நாற்காலியில உக்காந்தாச்சே."

அதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது. இரண்டு வருஷமாக அவள் ஏங்கிக் கிடந்ததை, மிச்சம் இருந்த ரொட்டியை நீட்டுவதுபோல நீட்டுகிறான்.

வயர்லெஸ்ஸைப் பிடுங்கினாள். "முதல் முட்டை. பாத்தது தீபோ."

"அதான் நேத்தே பாத்துட்டானே?" என்றது ஒதிலின் குரல்.

"நேத்து பாத்தது பனிக்கட்டி. பனிக்கட்டிக்குத்தான் நீ சூப் வச்சுக் குடுத்த!"

வயர்லெஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு. அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க ஆசையாகத் திரும்பினாள்.

தீபோ மல்லாந்து கிடந்தான். "கவுத்துட்டியே பறவைக்காரி!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்பும் தனக்கு வாய்க்காதது என்று மயேலுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.