முட்டைக்கு மேல் ஒரு பேர்

மூன்றாவது முட்டையும் கிழிந்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. சோற்றைப் போர்வை மாதிரி மூடிக்கொள்ள வேண்டிய முட்டை, நடுவில் வாயைப் பிளந்துகொண்டு உள்ளே இருந்த சிவப்புச் சோற்றைக் காட்டியது. கறிவேப்பிலை கேட்க வந்த பக்கத்து போர்ஷன் கிளியம்மாள் அக்கா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாடி தனம் பண்ணிக்கினு கீற? முட்டைக்குள்ள சோறா? சோத்துல முட்டைய ஒடச்சி ஊத்திக் கெளறினா வேல முடிஞ்சிது. இதுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

"ஜப்பான்ல இப்படித்தான்க்கா. அவருக்குப் பிடிக்கும்."

"ஞாயித்துக்கெழமையும் அதுவுமா ஒரு கொழம்பு வெக்காம... நல்லா கீதுடி உன் ஜப்பான்" என்று கறிவேப்பிலையோடு போய்விட்டார்.

என் வீட்டுக்காரருக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. கார்களுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் செய்கிற இடம். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது இவர் பொறுப்பு. இந்த வருடம், 2006இல், ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். முடிச்சூரில் எங்கள் தெருவுக்கே அது பெருமை. எனக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டாவது வருடம். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். "சாப்ட்டியா?" என்பார். "சாப்ட்டேன்" என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் சேர்த்துவைத்திருந்தேன்.

அவர் திரும்பி வந்து மூன்று வாரமாகிறது. ஆளில்லாத வீட்டில் ஆறு மாதம் தனியாக இருந்தது எப்படியோ பழகிவிட்டது. ஆள் இருக்கிற வீட்டில் தனியாக இருப்பதுதான் தாங்க முடியவில்லை. வேலை விட்டு வருவார், கைகால் கழுவுவார், டி.வி. முன்னால் உட்காருவார், தட்டில் எதைப் போட்டாலும் தலை நிமிராமல் சாப்பிடுவார். ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பு போடாமல் வைத்தேன். அதையும் சாப்பிட்டார். கோபித்துக்கொண்டிருந்தாலாவது என்ன ஏது என்று கேட்டிருக்கலாம்.

அவராகப் பேசியது ஒரே ஒரு தடவை. கேமராவில் போட்டோக்களைக் காட்டிக்கொண்டே வந்தவர் ஒரு தட்டில் வந்து நின்றார். மஞ்சளாக ஒரு ஆம்லெட், மேலே தக்காளி சாஸில் ஏதோ கிறுக்கல். "உள்ள சாதம் இருக்கும். மேல, சாப்பிடுறவங்க பேர எழுதிக் குடுப்பாங்க. வீட்டுல செஞ்சாலும் அப்படித்தானாம்" என்றார். சொல்லும்போது அவர் முகம் மாறியது. ஆசையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று முட்டையோடு மல்லுக்கு நின்றேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேச வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

நாலாவது முட்டைக்குத் தோசைக்கல்லை விட்டுவிட்டு, அடி குழிந்த சின்ன வாணலியை எடுத்தேன். அந்த ஊர் அரிசி ஒட்டிக்கொள்ளும் என்று போட்டோ காட்டியபோதே சொல்லியிருந்தார். நம் பொன்னி உதிரி உதிரியாக நிற்கும். அதனால் ஒரு கொதி அதிகம் விட்டுக் குழைய வடித்து, வெங்காயமும் கோழியும் சாஸும் போட்டுப் பிரட்டி வைத்திருந்தேன். முட்டை பாதி வெந்ததும் சோற்றை நடுவில் வைத்து, ஓரங்களை மடக்கி, வாணலியைத் தட்டில் கவிழ்த்தேன். கிழியவில்லை. சாஸ் பாட்டிலைத் தட்டினால் கட்டியாக விழும் என்று, பால் கவர் ஒன்றைக் கழுவித் துடைத்து, மருதாணி கோன் மாதிரி சுருட்டி, சாஸ் நிரப்பி, நுனியை வெட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு கோனை முட்டைக்கு மேல் கொண்டுபோனபோதுதான் கை நின்றது.

அவர் பேரை நான் சொன்னதே இல்லை. எங்கள் வீட்டில் கட்டியவர் பேரை யாரும் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன். பாங்கில் பாரம் நிரப்ப வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கிறவரிடம் கொடுத்துவிடுவேன். நடுப்பகல் சாப்பாட்டுக்கு ஊரே சொல்கிற சொல் அவர் பேரோடு ஒட்டுகிறது என்பதால், எனக்கு அது பகல் சாப்பாடுதான். வாயால் சொல்லாததைக் கையால் எழுதலாமா என்று யாரிடம் போய்க் கேட்பது?

முட்டை ஆறிக்கொண்டிருந்தது. நான் அவரை எப்படிக் கூப்பிடுகிறேனோ அதுதானே எனக்கு அவர் பேர் என்று, கோனை அழுத்தி எழுதினேன்: என்னங்க.

தட்டை அவர் முன்னால் வைத்தேன். டி.வி.யிலிருந்து பார்வை இறங்கியது. உதடு அசைய வாசித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தார்.

"அந்த போட்டோல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா?"

"உங்க பேரு."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதான் போட்டோ எடுத்து வெச்சேன். கெளம்புற சமயத்துல அவங்க எழுத்தைக் கொஞ்சம் கத்துக்கிட்டு எடுத்துப் படிச்சா, 'இந்தோ'ன்னு இருக்கு. இந்தியாவுக்கு அங்க அதான் பேரு. கேன்டீன்ல, மெஷின்கிட்ட, எல்லா எடத்துலயும் இந்தோ சான், இந்தோ சான். 'சான்'னா நம்ம 'சார்' மாதிரி, மரியாதையாத்தான் கூப்பிட்டாங்க. ஆனா ஆறு மாசம் என் பேர ஒருத்தரும் சொல்லல, தனம்."

எனக்குச் சுருக்கென்றது. அங்கே ஒருத்தரும் சொல்லாத பேரை இங்கேயும் ஒருத்தி சொல்லாமல் இருக்கிறேன்.

"நீ ஒரு தடவ சொல்லேன்" என்றார். நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

மூன்று வாரமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் என் வாயில் "ஆறிடும், சாப்பிடுங்க" என்று மட்டும் வந்தது. அவர் தலை மறுபடி குனிந்தது. ஓரத்திலிருந்து ஸ்பூனால் வெட்டிச் சாப்பிட ஆரம்பித்தார். எழுத்து இருந்த இடத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டார். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

எனக்கு ஒரு முட்டை ஊற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். குழாயைத் திறந்து வாளியில் சத்தமாகத் தண்ணீர் விழ விட்டேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி, முழுசாகச் சொன்னேன்.

"மதியழகன்."

யாரோ சொன்ன மாதிரி இருந்தது. சத்தமாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்துபோய்க் குழாயை மூடினேன். கூடத்தில் ஸ்பூன் சத்தம் நின்றிருந்தது.