பெரியம்மாவைப் பார்க்கப் போன நாள்

பல்செட் செய்கிறவர் யாரோ ஒரு பெரியவரின் கீழ்வரிசைப் பற்களை மெழுகில் பதித்துக்கொண்டிருந்தபோது மச்சானிடமிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நேரில் பார்த்துக்கொள்கிறவர்கள் என்பதால் வேலை நாளில் போன் பேசிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. ஏதோ ஆகிவிட்டது என்ற பயத்தோடுதான் எடுத்தார்.

மச்சான் சுற்றி வளைக்கவில்லை. கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் ஓரமெல்லாம் இருட்டு, நடுவில் மட்டும் ஒரு குழாய்க்குள் பார்க்கிற மாதிரி கொஞ்சம் தெரிகிறது. அதுவும் இந்த வருஷம் முழுக்கத் தாங்கினால் பெரிய விஷயம் என்றாராம் டாக்டர்.

"அதுக்குள்ள பெரியம்மாவ ஒரு தடவ பாத்துடணும் மாப்ள. ஏரியில இடம் சொல்லி வைக்கறீங்களா?"

பெரியம்மா என்பது ஒரு மீன். ஊருக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரியில் தண்ணீர் தேங்கி உண்டான ஏரி. அதைக் குத்தகைக்கு எடுத்த ஓர் அம்மாள், பெரிய மீன்களாக வாங்கி விட்டு வளர்த்தாள். கட்டணம் கட்டி ஒரு நாள் முழுக்கத் தூண்டில் போடலாம். பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். பதினான்கு பேருக்குத்தான் இடம். அங்கே இருபது கிலோவுக்கு மேல் ஒரு கெண்டை இருந்தது. ஒரு பக்கம் செதிலே இல்லாமல் வழவழவென்று இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ யாராவது ஒருவர் கையில் சிக்கும். அதற்குத்தான் பெரியம்மா என்று பேர். மச்சானும் மாப்பிள்ளையும் இருபது வருஷம் அங்கே போயிருக்கிறார்கள். பெரியம்மா அவர்களுக்கு முகம் கொடுத்ததே இல்லை.

இப்போது அந்த ஏரியின் பேரை எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. கடைசியாகப் போனது ஒரு சனிக்கிழமை. அன்றைக்குத்தான் பல்செட்காரரின் மனைவி, மச்சானுக்கு ஒரே தங்கை, வீட்டில் தனியாக இருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். விழுவதற்கு முன் கணவருக்கு நாலு தடவை போன் அடித்திருக்கிறாள். ஏரியில் போன் சத்தம் கேட்கக் கூடாது என்பது விதி. அவர் போனைச் சத்தமில்லாமல் வைத்து, சாமான் பைக்குள் போட்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் முழங்கால் தண்ணீரில் நின்று, வாழ்நாளிலேயே பெரிய மீனோடு போராடிக்கொண்டிருந்தார். பதினேழு கிலோ. மீனைத் தூக்கிப் பிடித்தபடி எடுத்த படத்தில் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார். அந்தப் படத்தை அந்த வாரமே அழித்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் ஒரே ஒரு தடவை கேட்டாள், ஏன்ப்பா எடுக்கல என்று. அவர் வாயைத் திறப்பதற்குள் மச்சான் நடுவில் வந்து, "அங்க டவரே கெடைக்காதும்மா" என்றார். டவர் நன்றாகவே கிடைக்கும். தன்னைக் காப்பாற்றத்தான் மனுஷன் பொய் சொன்னார் என்று அவருக்குத் தெரியும். மகள் அதன் பிறகு கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வருஷமும் மச்சானுக்கு மனசுக்குள் கைகூப்பிக்கொண்டே இருந்தார்.

அதனால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "சரி மச்சான், கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

ஏரிக்கார அம்மாள் அடுத்த வருஷம் வரை சனி, ஞாயிறெல்லாம் நிரம்பிவிட்டதாகச் சொன்னாள். யாரோ வரமுடியாமல் போனதில் ஆறு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மட்டும் காலி. பதினோராம் இடம். அவர்கள் எப்போதும் உட்கார்ந்தது மூன்றாம் இடத்தில். அது இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

பிறகு ஆறு வாரமும் ஞாயிற்றுக்கிழமைகள் இந்த ஏற்பாட்டிலேயே போயின. மச்சான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஓர் அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார். ரிட்டயர் ஆகும் வரை நில அளவை வேலை. ஒரு விரற்கடை பிசகினாலும் தூக்கம் வராத ஆள். ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, பல வருஷமாக அந்த ஏரியின் ஆழத்தை இடம் இடமாக அளந்து கட்டம் போட்ட தாளில் வரைபடமே போட்டு வைத்திருந்தார். அதை எடுத்து மேஜைமேல் விரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார்.

"இதுல கோடு இருக்கா மாப்ள?"

இருந்தது. பென்சிலால் மெல்லிசாக, முடி மாதிரி. பல்செட்காரர் கீழே கடையில் தடித்த கறுப்புப் பேனா வாங்கி வந்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் இழுத்தார். இழுக்க இழுக்க மச்சான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பதினோராம் இடத்திலிருந்து எதிர்க்கரைப் பட்டமரத்தைப் பார்த்து எறிய வேண்டும். நாற்பத்தைந்து தப்படி தூரத்தில் தண்ணீருக்கடியில் ஒரு மேடு. மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பினால் மீன் அந்த மேட்டுக்குத்தான் மேய வரும். வரைபடம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது, தாள் சும்மா மரியாதைக்கு.

இரை உருட்டியது பல்செட்காரர் வீட்டில். மக்காச்சோள மாவு, கருவாட்டுப் பொடி, முட்டை எல்லாம் பிசைந்து, உருட்டி, வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும். எல்லா உருண்டையும் ஒரே அளவில் இருக்க, அவர் வேலைக்கு வைத்திருக்கும் அளவுகோலை எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

மீனுக்கும் பல்செட் அளவு எடுக்கறீங்களா என்று மச்சான் கிண்டலடித்தார். கெண்டைக்குப் பல் தொண்டையில் இருக்கிறது, அளவெடுக்க வாயைத் திறந்து காட்டாது என்றார் இவர். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் இரண்டு பேருமே சமையலறை வாசலைப் பார்த்தார்கள். இந்த மாதிரி சமயத்தில் அவள்தான் வந்து நின்று, என் பாத்திரத்தையெல்லாம் நாறடிச்சாச்சா என்று கேட்பாள்.

தூண்டில் முள்ளில் நரம்பு கோக்க மச்சானால் முடியவில்லை. நாலு தடவை முயன்று, விரலில் குத்திக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். இவர் வாங்கி முப்பது முள்ளும் கட்டினார். அன்றைக்கு மச்சான், "மாப்ள, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். இவர் நிமிர்ந்ததும், காத்து மட்டும் சரியா இருக்கணும் என்று எதையோ சொல்லி முடித்தார். அப்படி இரண்டு மூன்று தடவை நடந்தது. கண் போகிற வருத்தம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை விடிந்தபோது ஏரியில் இருந்தார்கள். முழங்கால் உயரப் பூட்ஸ் போட்ட ஏரிக்கார அம்மாள் வந்து, மீனைப் படுக்கவைக்கும் மெத்தையை நனைத்து வையுங்கள், போனைச் சத்தமில்லாமல் வையுங்கள் என்றாள். பல்செட்காரர் தன் போனில் சத்தத்தை முழுசாக ஏற்றி, எதிரே கல்மேல் வைத்தார். அவள் பார்த்தாள். அந்தச் சனிக்கிழமை இந்த மனுஷர் கேட் வரை ஓடியதை அவளும் பார்த்திருந்தாள். அடுத்த இடத்துக்கு நடந்துவிட்டாள்.

தூண்டில் எறிந்தது மச்சான்தான். மரத்தைக் காட்ட, இவர் பின்னால் நின்று தோளைப் பிடித்துக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிவிட்டார். ஈயம் விழுந்த இடம் சரியாக மேடு. மச்சான் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை இவர் நெடுநாளாகப் பார்த்ததில்லை. அதன் பிறகு மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. ரொட்டி தின்றார்கள், பிளாஸ்க் காலியாயிற்று, காற்று திரும்பியது.

அப்போதுதான் மச்சான் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னிக்கு உங்க போன் அடிச்சது எனக்குத் தெரியும் மாப்ள."

இவருக்குப் புரியவில்லை.

"பை என் காலுகிட்ட இருந்துச்சு. நீங்க தண்ணிக்குள்ள. உள்ள ஏதோ உறுமுற மாதிரி இருந்துச்சு, கண்டுக்கல. ரெண்டாந்தடவ அடிச்சப்ப எடுத்துப் பாத்தேன். தங்கச்சி பேருதான். எப்ப வருவீங்கன்னு கேக்கத்தான் அடிக்கறான்னு நெனச்சேன். மீனு கரைக்கு வர்ற நேரம். உங்களக் கூப்ட்டா விட்ருவீங்க. திரும்ப உள்ள வச்சுட்டு வலைய எடுத்துக்கிட்டு எறங்கிட்டேன். அப்புறம் அடிச்சதெல்லாம் எனக்குத் தெரியாது."

பல்செட்காரருக்கு முதலில் ஞாபகம் வந்தது ஆஸ்பத்திரி வராந்தா. டவரே கெடைக்காதும்மா. அந்தப் பொய் யாருக்காகச் சொல்லப்பட்டது என்று மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் விளங்கியது.

"இத்தன நாள் நான்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

"தெரியும். அதப் பாத்துக்கிட்டே இருந்தேன். கண்ணு போறதுக்கு முன்னாடி உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லிடணும்னுதான் இங்க வரச் சொன்னேன். மீனெல்லாம் ஒரு சாக்கு."

இவர் எழுந்து நடந்தார். ஏரியைச் சுற்றிய பாதையில், வண்டி நிறுத்திய இடம் வரை. உள்ளே உட்கார்ந்து சாவியைப் போட்டார். அவளுக்கு இரண்டாவது மணியிலாவது யாராவது பதில் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். டாக்டர் அப்போதே சந்தேகம்தான் என்று சொல்லியிருந்தார். சந்தேகம் என்றால் கொஞ்சம் இருந்தது என்றுதானே அர்த்தம். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அந்த ஆளால் கேட் வரைகூடத் தனியாக வர முடியாது. போகட்டும் என்று நினைத்தார். சாவியைத் திருப்பவும் செய்தார்.

அப்போது தூரத்தில், மீன் இழுத்தால் அடிக்கும் அவர்களுடைய தூண்டில் மணி கத்த ஆரம்பித்தது. விடாமல் கத்தியது. மச்சான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஒருவேளை போயிருக்க மாட்டார். பதினோராம் இடத்தில் கரை சட்டென்று இறங்கும் என்று தன் கையாலேயே கறுப்பில் கோடு இழுத்திருந்தார். வண்டியிலிருந்து இறங்கி ஓடினார்.

மச்சான் இடுப்பளவு தண்ணீரில் தூண்டில் கோலைப் பிடித்து நின்றார். நரம்பு எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் தலையை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டிருந்தார். பல்செட்காரர் அவர் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக் கரைப்பக்கம் இழுத்தார். இடப்பக்கம் போகுது, விடுங்க, இப்ப சுத்துங்க என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. இருபது நிமிஷமாவது ஆகியிருக்கும். கடைசியில் இவரே வலையில் ஏந்தி மெத்தைமேல் கிடத்தினார்.

நல்ல மீன்தான். பதினோரு கிலோ. இரண்டு பக்கமும் செதில் நிறைய இருந்தது.

"பெரியம்மாவா மாப்ள?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம். மச்சான் முழங்காலிட்டு, நனைந்த முகத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். ஆனால் பொய்யால் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டது போதும் என்று இவருக்குத் தோன்றியது.

"இல்ல மச்சான். இது வேற."

மச்சான் தலையாட்டினார். பிறகு குனிந்து, முகம் மீன்மேல் படுகிற தூரத்தில் வைத்துக்கொண்டு, வாய், கண், செவுள், முதுகு என்று துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே வால் வரை போனார். மீன் காய்ந்துவிடாமல் பல்செட்காரர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். போதும் என்று மச்சான் சொன்னதும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி ஏரியில் விட்டார்கள்.

அச்சகத்து வாசலில் இறங்கும்போது மச்சான், மகளிடம் நானே சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார் இவர். அன்று மாலையே மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். போனை எடுக்காத கதை முழுவதையும், டவர் கதையையும். அவள் வெகுநேரம் அழுதாள். டவர் இல்லாத இடத்தில் அம்மா அடித்த நாலு தடவையும் அப்பா போனில் பதிந்திருக்காது, அது தனக்கு அன்றைக்கே தெரியும் என்றாள். தெரிந்திருந்தும் ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு மாசம் அவர் அச்சகத்துப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையைத் திறந்து வேலை செய்தார். ஒன்பதாவது ஞாயிறு, மேல் தாடை ஒன்றுக்குப் பல் அடுக்கும்போது, கல்யாணமான புதிதில் அவள் ஏதோ ஒரு பழத்தைக் கடித்து முன்பல் உடைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. என்ன பழம் என்று வரவில்லை. அதைக் கேட்க உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

மச்சான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படியேறும் சத்தத்திலேயே கண்டுகொண்டார். வெளிச்சம் மட்டும் தெரிகிறது, உருவம் தெரியவில்லை என்றார்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல மச்சான்."

"நான் கேக்கலியே."

கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பல்செட்காரர் வந்த விஷயத்தைக் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார். அந்தச் சனிக்கிழமை காலையில் கிளம்பும்போது சாமான்களை வண்டியில் ஏற்றுகிற மும்முரத்தில் தான் திரும்பியே பார்க்கவில்லை என்றும், அவள் எப்படி நின்றாள் என்று மூன்று வருஷமாக யோசித்தும் வரவில்லை என்றும் சொன்னார்.

மச்சான் அவசரப்படவில்லை.

"பச்சையில சின்னச் சின்ன வெள்ளப் புள்ளி போட்ட பொடவ. தலைய இன்னும் வாரல. கதவுல ஒரு கைய வச்சுக்கிட்டு நின்னா. நீங்க குடைய மறந்துட்டுப் போறீங்கன்னு சொன்னா, உங்களுக்குக் காதுல விழல."

பல்செட்காரர் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.