உர்தானெகி வீட்டு வாசம்

நியேவெஸ் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்றே அவர்களுடைய ஒயின் நிலவறையில் நனைந்த நாய் வாடை அடிப்பதைக் கவனித்தாள். நாயைத் தேடினாள். உர்தானெகி குடும்பத்தில் நாயே கிடையாது. ஒரு பூனைதான் இருந்தது. அதுவும் நிலவறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

"அதுவா? அதுதாம்மா நம்ம வீட்டு வாசம்," என்று மாமனார் எவுசேபியோ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "நாலு தலைமுறை வாசம். நம்ம ஆரோ பட்டணத்துல எத்தனை ஒயின்காரங்க இருக்காங்க! கண்ணைக் கட்டி விட்டாலும் நம்ம நிலவறையை நான் கண்டுபிடிச்சிடுவேன்."

யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நியேவெஸ் நினைத்துக்கொண்டாள். சொல்லவில்லை. கல்யாணமாகி அன்று இரண்டாவது நாள்.

அவள் பக்கத்து நகரமான லொக்ரோன்யோவில் ஒரு பாலாடைக்கட்டித் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருடம் முகர்ந்து பார்த்தே சம்பளம் வாங்கியவள். அதனால் வாடையோடு அது வந்த வழியும் அவளுக்குப் பிடிபட்டது. எவுசேபியோவின் அப்பாவுக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். ஒவ்வொரு ஈஸ்டருக்கு முன்பும் நிலவறையின் மர உத்தரங்களை ப்ளீச்சிங் நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டார். மகனும் அதைத் தவறாமல் கடைப்பிடித்தார். அந்த நீரில் இருக்கும் குளோரின் மரத்துக்குள் இறங்கி, அங்கே வளரும் பூஞ்சைக்கு விஷமாகிறது. பூஞ்சை சும்மா இருக்குமா? அந்த விஷத்தைத் தனக்குத் தீங்கில்லாத வேறொரு பொருளாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது. பூஞ்சை பிழைத்துக்கொள்கிறது. மனிதர் மூக்குக்கு அந்தப் பொருள்தான் நனைந்த நாய், நனைந்த அட்டைப்பெட்டி. காற்றிலிருந்து அது பீப்பாய்க்குள் போகும், தக்கைக்குள் போகும், அங்கிருந்து ஒயினுக்குள் போகும். ஓர் ஏரியைக் கெடுக்க ஒரு சிட்டிகை போதும்.

அதைவிடப் பெரிய தந்திரம் ஒன்றும் அந்தப் பொருளிடம் உண்டு. தன் வாடையைக் காட்டுவதோடு நில்லாமல், பழ வாசனைகளை உணரும் திறனையும் மூக்கில் மந்தமாக்கிவிடும். அதிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கோ வாடையும் தெரியாது, என்ன இழந்தோம் என்பதும் தெரியாது.

"உங்க அப்பாகிட்ட சொல்லுங்களேன்," என்று கணவன் இன்யிகோவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"எந்த வாடையைச் சொல்ற?" என்றான் இன்யிகோ, உண்மையாகவே.

வெளியாட்களாவது சொல்லியிருக்கலாம். ஸ்பெயின் தலைநகர் மத்ரீதிலிருந்து, சிறந்த ஒயின்களைப் பட்டியலிடும் கையேட்டுக்காகச் சுவைக்க வருகிற கிரெகோரியோ என்பவர் நாகரிகமான மனிதர். முகத்துக்கு நேரே நாய் என்று சொல்லக் கூசி, முதல் வருடம் 'பழைய நூலகத்தின் அமைதி' என்று எழுதினார். அடுத்த முறை 'மழையில் நின்ற மடாலயம்'. எவுசேபியோ இரண்டையும் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். புட்டியின் பின்பக்கச் சீட்டிலும் அச்சடித்தார். அதன்பிறகு இரண்டு வருடம் கையேட்டில் உர்தானெகி என்ற பெயரே வரவில்லை. மரியாதை கருதி யாரும் காரணமும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் விருந்தில் எவுசேபியோ எழுந்து நின்று அறிவித்தார்: "வர்ற வருஷமும் நம்ம பேர் வரலைன்னா, திராட்சையை அப்படியே பெரிய கம்பெனிக்கு அனுப்பிடுவேன். பீப்பாயையெல்லாம் ரெண்டா அறுத்துப் பூந்தொட்டி ஆக்கிடலாம்."

எல்லோரும் கண் கலங்கினார்கள். அவருடைய அக்கா கந்தேலாஸ் மட்டும், "எனக்கு ரெண்டு எடுத்து வை, ஜெரேனியம் வைக்கணும்," என்றாள்.

நியேவெஸும் அன்று கலங்கினாள். அவளுக்குக் காரணம் இரண்டு. மாமனாரோடு சேர்ந்து செய்துவந்த ஒயின் வேலையை அவள் நேசிக்கத் தொடங்கியிருந்தாள். இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. முதல் வருடம் நிலவறைக் கதவைத் திறந்ததும் மூக்கில் அறைந்த வாடை, இந்த நாலாவது வருடத்தில் படி இறங்கி முடித்த பிறகுதான் தெரிகிறது. இன்னும் கொஞ்ச நாளில் அவளும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து 'நம்ம வீட்டு வாசம்' என்று சொல்லப்போகிறாள்.

மார்ச் மாதம் கிரெகோரியோ வருவதாகத் தகவல் வந்தது. 2001 அறுவடையின் கலவை ஒயினைத் திறப்பதென்று முடிவானது. அந்த வருடக் கலவை எவுசேபியோ தன் வாழ்க்கையில் செய்த ஒரே துணிச்சல். தெம்ப்ரனீயோ திராட்சை ஒயினுக்கு உடம்பு கொடுக்கும். கர்னாச்சா சூடு கொடுக்கும். கிராசியானோ என்கிற கறுப்புப் பழம் வாசனையும் புளிப்பும் கொடுத்து, ஒயினை இருபது வருடம் நிமிர்ந்து நிற்க வைக்கும். குறைவாகக் காய்க்கிற, பிடிவாதக்காரக் கொடி என்பதால் கிராசியானோவை எல்லோரும் மருந்து போலத்தான் சேர்ப்பார்கள். எவுசேபியோ அந்த வருடம் அதை இரண்டு மடங்கு சேர்த்தார். நிலவறைக்கு மேலிருந்த கட்டடத்தில் ஓடு மாற்றிக்கொண்டிருந்ததால் முற்றத்து அக்ரூட் மரத்தடியில் மேசை போட்டு, திறந்த வெளியில் முகர்ந்து முகர்ந்துதான் அளவு பார்த்தார். பிறகு அதைக் கொண்டுபோய் நிலவறையில் படுக்கவைத்தார்.

இருபது வருடத்துப் புட்டியில் அடியில் மண்டி தங்கியிருக்கும். அசைக்காமல் சாய்த்து, தெளிவை மட்டும் ஜாடிக்கு மாற்ற வேண்டும். கை நடுங்காதவள் என்று அந்த வேலையை நியேவெஸிடம் விட்டார்கள்.

அவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சாப்பாட்டை மூடி வைக்கும் மெல்லிய பாலிதீன் தாளில் இரண்டு முழம் கிழித்துக் கசக்கி ஜாடிக்குள் திணித்தாள். அதன்மேல் ஒயினை ஊற்றினாள்.

"என்னடி இது! ஒயினுக்குக் குளிருதா, போர்வை போத்துற?"

மூலையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கந்தேலாஸை அவள் மறந்தே போயிருந்தாள்.

"அத்தை, மெதுவா. அந்த வாடை இருக்கு பாருங்க, அதுக்கு ஒயினைவிட பாலிதீன்தான் பிடிக்கும். இருபது நிமிஷத்துல போய் அதுல ஒட்டிக்கும். அப்புறம் தாளை எடுத்துடலாம்."

"எந்த வாடை?" என்று கந்தேலாஸ் கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். "நாப்பது வருஷமா இந்த வீட்டுல நான் பீர்தான் குடிக்கிறேன். ஏன்னு ஒருத்தனும் கேட்டதில்ல," என்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கல்யாணமாகி பில்பாவோ போய், புருஷன் செத்துத் திரும்பி வந்தவ நான். வாசல்லயே தெரிஞ்சுது. எங்கப்பாகிட்ட சொன்னேன். மூணு மாசம் என்கிட்ட பேசல. கிளறு, கிளறு, நல்லா ஒட்டட்டும்."

இருபது நிமிடம் கழித்துத் தாளை எடுத்துவிட்டு நியேவெஸ் முகர்ந்தாள். நாய் போய்விட்டிருந்தது. அது இத்தனை நாள் மறைத்து நின்ற இடத்தில் உலர்ந்த செர்ரி இருந்தது, புகையிலை இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே ஆரஞ்சுத் தோலை விரலால் கிள்ளியது போல ஒரு பளிச்சென்ற வாசனை. நாலு வருடம் மாமனாரைப் பிடிவாதக்காரக் கிழவர் என்று மட்டும் எண்ணியிருந்தவள், அவர் ஒரு பெரிய கலைஞர் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டாள். அவருக்கே அது தெரியாது.

மேசையில் கிரெகோரியோ முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்து எந்தப் பழைய கட்டடத்தின் பெயரை எழுதலாம் என்று யோசிக்கிற முகம். எவுசேபியோ வீட்டு வாசத்தைப் பற்றி நாலு தலைமுறைக்கும் பேசி முடித்தார். கோப்பை நிறைந்தது. கிரெகோரியோ மூக்கைக் கொண்டுபோனார், நிறுத்தினார், மறுபடி கொண்டுபோனார்.

"தோன் எவுசேபியோ," என்றார் மரியாதையாக, மெல்ல. "இவ்வளவு நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

எவுசேபியோ பெருமையாகச் சிரித்துத் தன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். சிரிப்பு நின்றது.

"இது நம்ம ஒயின் இல்ல."

"அப்பா..." என்றான் இன்யிகோ.

"நம்ம வாசம் எங்கடா? யாரோ மாத்திட்டாங்க! இது நமக்குப் போட்டியா இருக்கிற அந்த துயேரோ பக்கத்துக்காரனுங்க சரக்கு! மன்னிச்சுக்குங்க தோன் கிரெகோரியோ, அசலை நானே கொண்டு வரேன்."

யாரும் தடுப்பதற்குள் படியிறங்கிப் போய், ஒட்டடையோடு ஒரு புட்டியைத் தூக்கி வந்தார். தக்கையைப் பிடுங்கி முகர்ந்தார். "ஆஹா! இதுதான் அசல்!" என்று ஊற்றினார்.

கிரெகோரியோ முன் இப்போது இரண்டு கோப்பைகள். தனியாக ஒன்றை வைத்துக்கொண்டு நாகரிகமாக எழுதிவிடலாம். பக்கத்தில் நல்லது ஒன்று இருக்கும்போது நாகரிகத்துக்கு வழியில்லை. அவர் வியர்வையைத் துடைத்தார். 'நூலகம்' என்று தொடங்கி, எதிரே நின்ற நியேவெஸைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நாய்," என்றார் கடைசியில். "மன்னிக்கணும். நனைஞ்ச நாய்."

"எங்க வீட்டுல நாயே கிடையாது!" என்று எவுசேபியோ கத்தினார்.

நியேவெஸ் பாலிதீன் சுருளை மேசைமேல் வைத்தாள். "மாமா, நான் எதையும் மாத்தல. ரெண்டும் ஒரே ஒயின். நீங்க கொண்டு வந்த புட்டியிலயே செய்து காட்டுறேன். இருபது நிமிஷம் குடுங்க."

அந்த இருபது நிமிடமும், கந்தேலாஸ் கொண்டுவந்து வைத்த உருளைக்கிழங்கும் சொரீசோ தொத்திறைச்சியும் ஆறிக்கொண்டிருந்தன. நியேவெஸ் தாளை எடுத்தபோது எவுசேபியோவின் கண் ஜாடியைவிட்டு அகலவில்லை. தன் கையால் திறந்த புட்டி; மாற்றினார்கள் என்று சொல்ல வழியில்லை.

நியேவெஸ் ஒரு கோப்பையில் ஊற்றி வாசல் பக்கம் நீட்டினாள். "இங்க காத்துலயே வாடை இருக்கு, வேணாம் மாமா. முற்றத்துல போய் முகருங்க."

அவர் அக்ரூட் மரத்தடியில் போய் நின்றார். முதுகுதான் தெரிந்தது. கோப்பை பிடித்த கை இரண்டு முறை மூக்குக்கு ஏறியது.

"கிராசியானோ," என்று அங்கிருந்தே சொன்னார். "அந்த ஆரஞ்சுத் தோல். இந்த மரத்தடியிலதான் முகர்ந்தேன். அடுத்த வருஷமே காணோம். அதிகமா சேர்த்துக் கெடுத்துட்டோம்னு நினைச்சு, அப்புறம் நான் துணிஞ்சதே இல்ல."

இன்யிகோ ஆவலோடு கிரெகோரியோ பக்கம் திரும்பினான். "அப்போ கையேட்டுல போட்டுடுவீங்கல்ல?"

"முடியாது தம்பி. புட்டி வாங்குறவன் வீட்டுல யாரு பாலிதீன் திணிப்பா? நான் எழுதறதை நம்பிக் குடிக்கிறவனுக்கு நாய்தானே கிடைக்கும்." கிரெகோரியோ தலைகுனிந்தார். "முதல் வருஷமே நான் சொல்லியிருக்கணும். உத்தரத்தையும் பீப்பாயையும் மாத்துங்க. அடுத்த மார்ச்சுல வரேன்."

கையேட்டில் பெயர் இல்லை. கிறிஸ்துமஸ் சபதப்படி எல்லாம் முடிந்தது. அனைவரும் எவுசேபியோவைப் பார்த்தார்கள். அவர் நேராக நிலவறைக்குப் போனார். கையில் ப்ளீச்சிங் டப்பாவோடு வந்து அக்காவின் முன் வைத்தார்.

"கக்கூஸுக்கு வச்சுக்கோ."

"நம்மப்பா உயிரோட இல்லாதது உன் அதிர்ஷ்டம்டா," என்றாள் கந்தேலாஸ். பிறகு நியேவெஸிடம் தன் பீர்க் கோப்பையைக் காலி செய்து நீட்டினாள். "அந்த ஒயின்ல கொஞ்சம் ஊத்து. நாப்பது வருஷ பாக்கி."

கோடையில் உத்தரங்கள் இறங்கின. பீப்பாய்கள் இரண்டு இரண்டாக அறுபட்டு, சபதம் போலவே பூந்தொட்டிகளாகி முற்றத்தில் வரிசையாக நின்றன. அடுத்த மார்ச்சில் கிரெகோரியோ புதுப் பீப்பாயின் ஒயினைச் சுவைத்துவிட்டுக் கையேட்டில் எழுதினார்: 'பழைய நூலகம் மூடப்பட்டுவிட்டது. வாழ்த்துகள்.' அதுவும் சட்டம் போட்டு மாட்டப்பட்டது.

எவுசேபியோ இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் ஆரஞ்சுத் தோலைப் பற்றி நாலு தலைமுறைக்கும் பேசுகிறார். ஆனால் சாயங்காலம் கோப்பையோடு முற்றத்துக்குப் போய், ஜெரேனியம் தொட்டிகளுக்கு நடுவே குனிந்து, பழைய பீப்பாய் மரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு ஒரு வாய் குடிப்பார். யாராவது பார்த்தால், "செடியில பூச்சி இருக்கான்னு பார்க்கிறேன்," என்பார்.

நியேவெஸ் மூக்கைச் சுளித்துச் சன்னலைச் சாத்திக்கொள்வாள்.