நவம்பர் மாத நிகழ்ச்சிகளும் ஒரு ஞானஸ்நானமும்

மாதக் கடைசியில் எங்கள் தேவாலயச் சபையாருக்காக ஒரு தாள் அச்சடிப்போம். மேலே அந்த மாதத்து முக்கிய நிகழ்ச்சிகள், நடுவில் பிறப்புகள், அடியில் எத்தனை அங்குலம் மழை பெய்தது என்ற விவரம். எழுதுவது நான்தான். தென் ஆஸ்திரேலியாவில், வில்கூனா என்ற இந்தச் சின்ன ஊரில் பாதிரியாக இருப்பவன் தலையில்தான் இந்த வேலை விழும். ஒரு பெயரைத் தப்பாகப் போட்டால் மூன்று தலைமுறைக்கு மறக்க மாட்டார்கள். 1918 நவம்பர் மாதத் தாளில் ஒரு எழுத்துப்பிழைகூடக் கிடையாது. ஆனாலும் அதை எடுத்துப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சண்டை நடந்த நாலு வருஷமும் என்னைக் கண்டால் இந்த ஊருக்கு ஆகாது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. போர்முனையில் ஒருவன் செத்துப்போனால் ராணுவம் அவன் வீட்டுக்குத் தந்தி அடிக்காது, பாதிரிக்குத்தான் அடிக்கும். நான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லியாயிற்று என்று தபாலாபீசில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து மேலே போன பிறகுதான் அடிலெய்டு பத்திரிகையில் பெயர் வெளிவரும். இப்படிப் பதினேழு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். என் சைக்கிள் ஒரு சந்தில் திரும்பினாலே அந்தச் சந்துப் பெண்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிடுவார்கள். எந்த வீட்டைத் தாண்டிப் போகிறேனோ அந்த வீட்டுக்காரிக்கு அப்போதுதான் மூச்சு வரும். ஒருமுறை பூசணி விதை கேட்கலாமென்று பென்னா குடும்பத்தார் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் கதவைத் திறக்கவே இல்லை. "போயிடுங்க ஐயா, இங்க யாரும் இல்ல, போயிடுங்க" என்று உள்ளேயிருந்து ஒரே அழுகை. விதை கேட்க வந்தேன் என்று கத்திச் சொல்லியும் நம்பவில்லை. அந்த வருஷம் நான் பூசணி போடவில்லை.

பதினோராம் தேதி திங்கட்கிழமை சாயங்காலம் சண்டை நின்றுவிட்டதென்று செய்தி வந்தது. மண்ணெண்ணெய் டின்களைத் தட்டிக்கொண்டு ஊரே தெருவுக்கு வந்தது. பள்ளிக்கூட மணியை அடித்து அடித்துக் கயிற்றையே அறுத்துவிட்டார்கள். மளிகைக்கடை கிளெமோ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இனிமே நீங்க எங்க வீட்டுக்குத் தாராளமா வரலாம்! இத்தனை நாளும் உங்க மூஞ்சியப் பாத்தாலே வயித்தக் கலக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல எப்படிய்யா நல்லதா எடுத்துக்கறது?" என்றேன். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் காலை தபாலாபீஸ் மிஸ் ஹானஃபோர்ட் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"வந்திருக்கு ஐயா."

"என்ன வந்திருக்கு? அதான் சண்டை முடிஞ்சு போச்சே!"

"முடிஞ்சது நேத்து. இது அஞ்சாந்தேதி நடந்தது."

ஜேபஸ் டிரெம்பாத். இங்கிலாந்தில் ஒரு முகாம் ஆஸ்பத்திரியில் நிமோனியாக் காய்ச்சலில் இறந்துவிட்டான். மனைவி ஹெஸ்டருக்குத் தெரிவிக்கவும் என்றிருந்தது. பாவிப் பயல், ஏப்ரலில்தான் கப்பலேறினான். அவனுக்கு அண்ணன் தம்பி கிடையாது, தாய் தகப்பனும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஹெஸ்டருக்கு நிறைமாதம்.

தந்தியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். நான் தட்டுவதற்கு முன்பே ஹெஸ்டர் கதவை விரியத் திறந்தாள், ஒரு கை இடுப்பில், வாயெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா ஐயா! உங்களப் பாத்து ஓடி ஒளியாம கதவத் திறந்த மொத ஆளு நான்தான்! போன வாரம் நீங்க இந்தப் பக்கம் வந்தப்போ கோழிக் கூண்டுக்குப் பின்னால போயி உக்காந்துக்கிட்டேன், தெரியுமா? இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு! உள்ள வாங்க, வாங்க."

நாலு வருஷத்தில் எனக்கு ஒரு வீட்டில் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. டீ கொடுத்தாள். புருஷன் வரும்போது எப்படிச் செய்வதென்று பழகிப் பார்த்தாளாம், குங்குமப்பூ கேக் ஒன்று வெட்டி வைத்தாள். தின்றேன். இன்னொரு துண்டு வைத்தாள், அதையும் தின்றேன். மருத்துவச்சி மிஸஸ் நோவாக் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னைக்கோ நாளைக்கோ ஆயிடும் ஐயா, அவள ரொம்பப் பேச வைக்காதீங்க" என்றாள். போதாதா? சாக்கு கிடைத்துவிட்டது. குழந்தை பிறக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

தபாலாபீசில் மிஸ் ஹானஃபோர்ட் தாளை நீட்டினாள்.

"சொல்லியாச்சா?"

"ஆச்சு."

"எப்படி இருக்கா?"

"அப்படியேதான் இருக்கா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பொய் சொல்லாதே என்று தொண்டை கிழியப் பிரசங்கம் பண்ணியவன், முழுப் பெயரையும் எழுதிக் கீழே தேதியும் போட்டேன். தந்தி விஷயத்தை வெளியே விடக் கூடாதென்பது ஆபீஸ் சட்டம், அதனால் அவளும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பதினான்காம் தேதி ஆண் குழந்தை பிறந்தது. மறுநாள் போனேன், அவளுக்குக் காய்ச்சல். அடுத்த செவ்வாய் போனேன். "அவளுக்கு ஏதாச்சும் மனசு கலங்குச்சுன்னா பால் வத்திப்போயிடும், பாத்துக்குங்க" என்றாள் மருத்துவச்சி. சும்மா பொதுவாகச் சொன்னதுதான். அதையும் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு நாற்காலி, ஒரு கோப்பை டீ, ஒரு சிரித்த முகம். வழியில் மற்ற வீடுகளிலும் கூப்பிட்டார்கள். பென்னா அம்மாள் ஒரு பை நிறையப் பூசணி விதை கொடுத்துவிட்டாள். ஒரு சாவை மட்டும் உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டு ஊரெல்லாம் விருந்தாளியாகத் திரிந்தேன்.

இருபத்துமூன்றாம் தேதி சனிக்கிழமை. மறுநாள் ஞானஸ்நானம். என்ன பெயர் என்று கேட்கப் போனேன்.

"விக்டர். ஜெயிச்சவன்னு அர்த்தம். சண்டையில வெற்றி கிடைச்ச மாசத்துல பொறந்தவன் இல்லியா?" என்றாள் ஹெஸ்டர்.

"உங்க ஆளுங்க மூத்த பையனுக்கு அப்பா பேருதானே வைப்பாங்க?"

"ஐயோ, வேணவே வேணாம்! ஒரு வீட்டுல ரெண்டு ஜேபஸா? நான் ஒரு குரல் குடுத்தா ரெண்டும் வந்து பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கும். ஒண்ண வச்சே என்னால மேய்க்க முடியல." சிரித்துக்கொண்டே பிள்ளையின் துணியைச் சரி செய்தாள். "கப்பலேறப்போ அவரே சொல்லிட்டுத்தான் போனாரு. பையன் பொறந்து, நான் திரும்பி வரலேன்னா அவனுக்கு என் பேர வையி, ஒரு ஜேபஸாவது இந்த மண்ணுல இருக்கட்டும். வந்துட்டேன்னா உனக்குப் பிடிச்ச பேர வச்சுக்கன்னு. அதான் வர்றாரே! அப்புறம் என்ன?"

தந்தி என் சட்டைப்பையில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"சரிம்மா. விக்டர் நல்ல பேருதான்" என்றேன்.

இதைத்தான் என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை. முதல் நாள் சொல்லாததற்குப் பயம் என்று ஒரு பெயராவது கொடுக்கலாம். இதற்கு என்ன பெயர் கொடுப்பது? செத்தவன் இந்த ஊரில் விட்டுப்போன ஆசை ஒன்றே ஒன்று. அதைக் காதால் கேட்டுக்கொண்டே குழிதோண்டிப் புதைத்தேன். மறுநாள் ஆலயம் நிறைந்த கூட்டத்தில் அந்தப் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி, விக்டர் என்று உரக்கச் சொன்னேன். பதிவேட்டிலும் எழுதினேன். திங்கட்கிழமை மாதத் தாளை எழுதினேன். முக்கிய நிகழ்ச்சிகள்: சமாதானம், நன்றி ஆராதனை, கிளெமோ கடை முன்னால் எரித்த சொக்கப்பனை. பிறப்புகள் மூன்று. மூன்றாவதாக, ஜேபஸ் டிரெம்பாத், ஹெஸ்டர் தம்பதிக்கு ஆண், விக்டர். காலஞ்சென்ற என்ற ஒரு சொல்லைச் சேர்க்க இடமிருந்தது. சேர்க்கவில்லை.

வியாழக்கிழமை அடிலெய்டு பத்திரிகை வந்தது. என் கையெழுத்து மேலே போய்ச் சேர்ந்துவிட்டதல்லவா, பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டார்கள். பிரசவித்த பிறகு ஹெஸ்டர் கடைத்தெருவுக்கு வந்தது அன்றுதான் முதல் முறை. கிளெமோ கடையில் மாவு நிறுத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நின்ற ஒருத்தி பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, எங்ககிட்டச் சொல்லவே இல்லியே நீ!" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். எதற்கு அழுகிறாள் என்று ஹெஸ்டருக்குப் புரியவில்லை. பத்திரிகையை வாங்கி அவளே படித்திருக்கிறாள்.

அரை மணி நேரத்தில் ஆலயத்துப் பின்னறைக்கு வந்தாள். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை.

"எப்ப தெரியும்?"

"பன்னெண்டாந்தேதி."

"நான் கேக் வெட்டிக் குடுத்தன்னைக்கு."

"ஆமாம்மா."

"பேரு கேட்டு வந்தப்பவும் தெரியும்."

சட்டைப்பையிலிருந்த தந்தியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"அவர் சொன்னத உங்ககிட்ட நானே சொன்னேனே ஐயா. வரலேன்னா அவர் பேரு. அத்தனையும் கேட்டுக்கிட்டு, நல்ல பேருன்னீங்க."

"சர்க்கார் பதிவுல மாத்திடலாம்மா. நானே அடிலெய்டுக்குப் போறேன். ஜேபஸ்னு எழுதி வாங்கிட்டு வரேன்."

"மறுபடியும் ஞானஸ்நானம் குடுப்பீங்களா?"

"அது ஒரு தடவதாம்மா. ரெண்டாந்தடவ குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப ஆண்டவர்கிட்ட இவன் விக்டர்தான்." பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எல்லாரையும் கூட்டி வச்சு, எம் புருஷன் சாவ நானே கொண்டாடிட்டேன். வெற்றியாம்."

"உன் உடம்புக்காகத்தான்... பால் வத்திடும்னு மருத்துவச்சி..."

"பொய் சொல்லாதீங்க ஐயா." குரல் உயரவே இல்லை. "பதினேழு பொம்பளைங்களுக்கு அன்னன்னைக்கே சொன்னீங்க. அதுல மார்ல பிள்ளையோட இருந்தவங்க எத்தன பேரு? எல்லாரும் உங்களப் பாத்துப் பயந்தாங்க, உங்களுக்கு அலுத்துப்போச்சு. நான் ஒருத்தி சிரிச்சுக்கிட்டே கதவத் திறந்தேன். அது உங்களுக்கு வேண்டியிருந்துச்சு. அதானே?"



"ஆமாம்மா" என்றேன்.

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"இதையாவது கேட்டவுடனே சொன்னீங்களே" என்று சொல்லிவிட்டு, விக்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.