ஃபிளெக்ஸ் கடை நெபுலா

வானத்தில் ஒளிரும் வாயு மேகமான ஓரியன் நெபுலாவைப் படம் எடுக்கப் போய், அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பளபளக்க வைத்துவிட்டேன். நெபுலா இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் புகை. கருப்பாக இருக்க வேண்டிய வானமோ கல்யாணப் பந்தல் மாதிரி பச்சையும் ஊதாவுமாக ஜொலித்தது.

எனக்குக் கறம்பக்குடியில் ஃபிளெக்ஸ் கடை. கல்யாண பேனர் என்றால் முதலில் கம்ப்யூட்டரில் முகத்தின் மேல் நிறம் படாதபடி மாஸ்க் போட்டு மூடிவிடுவேன். இல்லாவிட்டால் நிறத்தைக் கூட்டும்போது மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும். பிறகு பின்னணியில் நிறத்தை அள்ளிக் கொட்டுவேன். அதே கைப்பழக்கத்தில் நெபுலாவை மூடிவிட்டு இருட்டுக்கு நிறம் ஏற்றியிருக்கிறேன்.

அந்த லட்சணத்தில் அதைச் சந்தனமேரி டீச்சருக்கும் அனுப்பியாயிற்று. அவர் பள்ளியில் வெள்ளிக்கிழமை அறிவியல் கண்காட்சி. ஹால் சுவரின் நடு இடத்தை என் படத்துக்காக விட்டுவைத்திருந்தார். "வித்தியாசமா இருக்குங்க சார்" என்று பதில் வந்தது.

மனைவி அன்புமொழியிடம் காட்டினேன்.

"நல்லாத்தாங்க இருக்கு."

"எது?"

"கலரு."

"ராத்திரி வானத்துக்கு ஏதுடி பச்சக் கலரு?"

"என்னயக் கேட்டா? மாடியில கொசுக்கடி வாங்குனது நீங்கதானே!"

அந்தச் சுவரை விடுவதில்லை என்று கடையில் உட்கார்ந்தேன். காதுகுத்து பேனர் கேட்டு வந்தவரை நாளைக்கு வரச் சொன்னேன். புதிய மாஸ்க்: படத்தில் வெளிச்சமான இடம் வெள்ளை, இருட்டு கருப்பு. வெள்ளை இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் ஏறும். நெபுலா ரோஸ் நிறத்தில் எழுந்து வந்தது, வானம் கருப்பாகவே நின்றது. நட்சத்திரங்களும் வெளிச்சம்தானே, அவை சீரியல் பல்பு ஆகிவிட்டன. அவற்றையும் மாஸ்க்கில் கருப்பாக்கினேன். விளிம்பு கத்தரித்து ஒட்டியதுபோல் தெரிந்தது, மாஸ்க்கை மங்கலாக்கினேன். இன்னும் கொஞ்சம் நிறம் ஏற்று என்று விரல் கெஞ்சியது. எழுந்து போய் டீ குடித்தேன்.

மறுநாள் லேப்டாப்போடு பள்ளிக்கே போய்விட்டேன்.

"நல்லா வந்திருக்குங்க சார்" என்றார் டீச்சர்.

"டீச்சர், நான் அடிக்கிற காதுகுத்து பேனருக்கும் இதையேதான் சொல்றாங்க. செவுத்துல மாட்டலாமா, கூடாதா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கூடாது சார். ரோஸ் சரியா இருக்கு, வானமும் சரி. நடுவுலதான் வெறும் வெள்ளை. அங்கிட்டு வெளிச்சம் கூடிப்போயி நெறமே பதிவாகல, எந்த மாஸ்க் போட்டாலும் வராது. கொறஞ்ச எக்ஸ்போஷர்ல, கேமராவுல கொஞ்ச நேரமே வெளிச்சம் விட்டு, நடுவ மட்டும் திரும்ப எடுத்து இதோட சேருங்க. வெள்ளிக்கெழம காலை வரைக்கும் அந்த எடத்துல வேற படம் மாட்ட மாட்டேன்."